49 பேருக்காக ஒரு ரயில் பாதை

அவையில் கூடியிருக்கும் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

ஒரு கணக்கிலிருந்து தொடங்குகிறேன். ஜப்பானின் ஃபுகுஷிமா மாகாணத்தில், மலைகளுக்கு உள்ளே தடாமி பாதை என்று ஒரு ரயில் பாதை ஓடுகிறது. ஐசு-வகமட்சு என்ற பழைய கோட்டை நகரத்தில் புறப்பட்டு, மலையைத் தாண்டி, நீகாதா மாகாணத்தின் கொய்தே வரைக்கும் 135.2 கிலோமீட்டர். அதன் நடுவில் ஐசு-கவாகுச்சிக்கும் தடாமிக்கும் இடைப்பட்ட பகுதியில், 2010-ம் நிதியாண்டில் நாளொன்றுக்குச் சராசரியாகப் பயணம் செய்தவர்கள் 49 பேர். மறு ஆண்டு ஜூலையில் பெருமழை கொட்டியது. ஆறு பெருக்கெடுத்துப் பாலங்களை அடித்துக்கொண்டு போனது. பாதிக்கப்பட்ட அந்தத் துண்டு 27.6 கிலோமீட்டர். அதைச் சீர்செய்ய ஆன செலவு சுமார் 900 கோடி யென்.

49 பேருக்கு 900 கோடியா என்று யாருக்கும் தோன்றும். பஸ் விட்டால் போதுமே என்போம். ரயில் நிறுவனமும் அதைத்தான் சொன்னது. ஊர்க்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. வருடக்கணக்கில் பேசிப் பேசி, 2017-ல் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அந்தப் பகுதியின் தண்டவாளமும் பாலமும் நிலையமும் இனி மாகாண அரசின் சொத்து. பராமரிப்புச் செலவு மாகாணத்துக்கும் ஊர்களுக்கும். வண்டியை ஓட்டுவது மட்டும் ஜேஆர் கிழக்கு என்ற அந்த ரயில் நிறுவனம். 2022 அக்டோபர் 1-ம் தேதி, பதினோரு வருடம் கழித்து, ரயில் திரும்ப வந்தது.

தொஹொக்கு என்கிற வடகிழக்கு ஜப்பானை மெதுவண்டிகளிலேயே சுற்றி வந்த பயணத்தைப் பற்றி இன்று பேச அழைத்திருக்கிறார்கள். மலை, கடல், பனி என்று காட்சிகளைச் சொல்லுங்கள் என்றார்கள். சொல்கிறேன். அந்தக் காட்சிகள் நம் ஜன்னலுக்கு வந்து சேர்வதற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல விரும்புகிறேன்.

தோக்கியோவிலிருந்து கொரியாமா வரை ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில். அங்கே மாறி, பந்தாய் மலையைப் பார்த்துக்கொண்டே ஐசு-வகமட்சு போய், இரவு அங்கேயே தங்கிவிட வேண்டும். ஏனென்றால் தடாமி பாதையை முழுக்கக் கடக்கும் வண்டி ஒரு நாளைக்கு மூன்றுதான். காலை ஆறு மணி வாக்கில் ஒன்று, பகல் ஒரு மணி வாக்கில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. சாயங்கால வண்டியில் போனால் பாதி வழியிலேயே இருட்டிவிடும். காலை வண்டியைப் பிடியுங்கள். அதற்காகத் தூக்கத்தை விடுவது தகும்.

ஒன்றோ இரண்டோ பெட்டி கொண்ட டீசல் வண்டி. முதலில் நெல் வயல். ஒரு மணி நேரத்துக்குள் மலை நெருங்கி வந்து, தடாமி ஆறு பக்கத்தில் சேர்ந்துகொள்கிறது. அங்கிருந்து பாதை அந்த ஆற்றைத் திரும்பத் திரும்பக் கடக்கிறது. ஐசு-ஹினோஹாராவுக்கும் ஐசு-நிஷிகாதாவுக்கும் நடுவில் இருக்கும் முதல் பாலத்தைத்தான் நீங்கள் சுவரொட்டிகளில் பார்த்திருப்பீர்கள்: பச்சை மலை, வில்லாக வளைந்த பாலம், கீழே கண்ணாடி போன்ற தண்ணீரில் அதே பாலம் தலைகீழாக. வண்டிக்குள் இருப்பவருக்கு அந்தப் படம் கிடைக்காது. அதைப் பார்க்க மிஷிமா ஊரில் இறங்கி மேட்டில் ஏறி நிற்க வேண்டும்.

அந்தத் தண்ணீர் ஏன் அவ்வளவு அசையாமல் கிடக்கிறது? அணைகள்தான் காரணம். போருக்குப் பின் மின்சாரத்துக்காக இந்த ஆற்றில் வரிசையாக அணைகள் கட்டினார்கள். முதலில் சொன்ன அந்தக் கவாகுச்சி–தடாமி துண்டே, தகோகுரா அணைக்குச் சாமான் கொண்டுபோக 1957-ல் போட்ட பாதை. பயணிகள் வண்டி ஓட ஆரம்பித்தது 1963-ல். கொய்தே வரை முழுப் பாதையும் இணைந்தது 1971-ல். ஆக, மனிதக் கை படாத இயற்கை என்று யாரும் இதைப் புகழ வேண்டாம். ஒரு நாட்டின் மின்சாரத் தேவைக்காகத் தங்கள் பள்ளத்தாக்கைக் கொடுத்த ஊர்கள் இவை. மின்சாரம் தலைநகர் பக்கம் போனது, இளைஞர்களும் அதே பக்கம் போனார்கள். மிஞ்சியது ரயில். அதையும் விடமாட்டோம் என்று அவர்கள் பிடிவாதம் பிடித்ததை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. தடாமியைத் தாண்டியதும் எல்லை மலைக்குள் ஆறு கிலோமீட்டருக்கு மேல் நீளமான ரொகுஜூரிகோஷி குகைப்பாதை. அதற்கு மேலே மலையைச் சுற்றிப் போகும் 252-ம் எண் நெடுஞ்சாலை பனிக்காலத்தில் மூடிவிடும். ஜப்பானிலேயே கடுமையாகப் பனி கொட்டும் இடங்களில் இது ஒன்று. சாலை மூடிக் கிடக்கும் மாதங்களில் இந்தக் கணவாயைத் தாண்ட ரயில் மட்டும்தான். பஸ் போதும் என்ற வாதம் அந்தப் பனியில் புதைந்துவிடுகிறது.

சரி, கொய்தேயிலிருந்து வேகமாக நகர்வோம். நீகாதா போய், அங்கிருந்து ஜப்பான் கடலை ஒட்டி அகிதா வரை எக்ஸ்பிரஸ் வண்டி. நடுவில் சசகாவா நகாரே என்ற பாறைக் கரையும், கடலிலிருந்து நேராக எழும்புகிற மாதிரி 2,236 மீட்டர் சோகாய் மலையும். கடலைப் பார்க்க இடது பக்க ஜன்னல் கிடைத்தால் பாக்கியம்.

அகிதாவுக்கு வடக்கே கோனோ பாதை. ஹிகாஷி-நோஷிரோவில் தொடங்கி கவாபே வரை 147.2 கிலோமீட்டர், 1936-ல் முழுமையானது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் ஷிரகாமி மலைத்தொடர். அந்த மலையின் பீச் மரக் காடுகளை 1993-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இங்கே ‘ரிசார்ட் ஷிரகாமி’ என்ற சுற்றுலா வண்டி 1997 முதல் ஓடுகிறது. எல்லாமே முன்பதிவு இருக்கைகள். கடல் பக்கம் வேண்டுமென்றால் ‘ஏ’ வரிசை கேளுங்கள். பாதை திசை மாறும் நிலையங்களில் எல்லாரும் எழுந்து இருக்கையைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறார்கள். செஞ்சோஜிக்கியில் சில வண்டிகள் கால் மணி நேரம் நின்று, பயணிகளைப் பாறைமேல் உலாவ விடுகின்றன. 18-ம் நூற்றாண்டின் கடைசியில் வந்த நிலநடுக்கம் மேலே தூக்கிவிட்ட கடலடித் தரை அது. புறப்படும் நேரம் வந்தால் ஊதல் அடித்துக் கூப்பிடுவார்கள். வண்டிக்குள்ளேயே சுகாரு ஷாமிசென் வாசிப்பதும் உண்டு. மூன்று தந்தி வாத்தியம். மீட்டுவதில் பாதி, அடிப்பதில் பாதி. கடல் விலகியதும் ஆப்பிள் தோட்டங்கள், அப்பால் இவாக்கி மலை.

சுற்றுலா வண்டி அழகுதான். ஆனாலும் அதே பாதையில் ஓடும் சாதாரண வண்டியில் ஒரு துண்டாவது போங்கள் என்பது என் கட்சி. ஓட்டுநர் ஒருவரே எல்லாம். பின் கதவில் ஏறியதும் ஒரு சின்னச் சீட்டை இழுத்துக்கொள்ள வேண்டும். நாம் ஏறிய நிலையத்தின் எண் அதில் இருக்கும். இறங்கும்போது முன்னால் இருக்கும் பலகையில் அந்த எண்ணுக்கு நேரே உள்ள கட்டணத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு இறங்க வேண்டியதுதான். காலையிலும் மாலையிலும் பெட்டி நிறைய உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள். கால அட்டவணையே அவர்கள் பள்ளிக்கூட நேரத்தைப் பார்த்துப் போட்டதுதான். பிள்ளைகள் குறையக் குறைய வண்டியும் குறைகிறது. நிலையங்களில் பெரும்பாலும் ஆளும் இல்லை, கடையும் இல்லை. சைவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: காய்கறி மட்டும் தெரிகிற குழம்பிலும் மீன் சாறு இருக்கும். பெரிய நிலையத்திலேயே உமே என்ற பிளம் பழ ஊறுகாய் வைத்த சோற்றுருண்டைகளை வாங்கிப் பையில் வைத்துக்கொள்வதுதான் நல்லது.

எல்லாப் பாதைகளும் தப்பிக்கவில்லை. 2022 ஆகஸ்டில் பெய்த மழை கோனோ பாதையையும் உடைத்தது. அதைச் சீர்செய்து அந்த ஆண்டு முடிவதற்குள் திறந்துவிட்டார்கள். அதே மழையில் உடைந்த சுகாரு பாதையின் வடகோடி, கனிதாவிலிருந்து மின்மாயா வரை, திரும்ப வரப்போவதில்லை என்று 2024-ல் முடிவாகிவிட்டது. ஒரே மாகாணம், ஒரே மழை. இரண்டு பாதைகளுக்கும் இரண்டு விதி. சுற்றுலா வண்டி ஓடுகிற பாதைக்கு அந்த வண்டியே காவலாக நின்றது என்று எனக்குப் படுகிறது. ஊர்ப் பிள்ளைகளும் முதியவர்களும் மட்டும் ஏறுகிற பாதைக்கு அந்தக் காவல் இல்லை. இது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

அவோமோரியிலிருந்து ஹசினோஹே, அங்கிருந்து பசிபிக் கரையில் தெற்கே குஜி. இனிச் சொல்லப்போவது சான்ரிக்கு ரயில்வே. இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும்.

தேசிய ரயில்வே நட்டத்தில் தள்ளிவிட்ட பாதைகளை மாகாணமும் ஊர்களும் சேர்ந்து எடுத்து நடத்த ஆரம்பித்தபோது, அப்படிப் பிறந்த முதல் நிறுவனம் இது. 1984 ஏப்ரல் 1-ம் தேதி ஓடத் தொடங்கியது. மடிப்பு மடிப்பாகக் கடல் நிலத்துக்குள் நுழைந்திருக்கும் கரை. ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு மீனவ ஊர், ஊருக்கும் ஊருக்கும் நடுவில் ஒரு மலை. அதனால் குகைப்பாதை, வெளிச்சம், கடல், மறுபடி குகைப்பாதை என்றே பயணம் போகும். ஹொரினாய் பக்கத்தில் உயரமான பாலத்தின்மேல் வண்டி நிதானித்து நின்று கடலைக் காட்டும். குஜி நிலையத்துக் கடையில், உனி என்ற கடல் முள்ளெலியைச் சோற்றின்மேல் பரப்பிய பெட்டிச் சாப்பாடு கிடைக்கும். கொஞ்சம்தான் செய்வார்கள், சீக்கிரம் தீர்ந்துவிடும்.

2011 மார்ச் 11-ம் தேதி சுனாமி வந்தபோது இந்தப் பாதை பல இடங்களில் துண்டு துண்டானது. ஷிமானோகோஷி நிலையம் இருந்த இடமே தெரியவில்லை. மியாகோவில் தலைமை அலுவலகத்துக்கு மின்சாரம் இல்லை. நிலையத்தில் நின்ற டீசல் வண்டியில் விளக்கு எரிந்தது. அந்தப் பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்து வேலையைத் தொடங்கினார்கள். ஐந்தாம் நாள், மார்ச் 16-ம் தேதி, குஜியிலிருந்து ரிக்குச்சூ-நோடா வரை முதல் வண்டி ஓடியது. கட்டணம் வாங்கவில்லை. மண்ணெண்ணெயும் பெட்ரோலும் கிடைக்காத நாட்களில், உறவினர்களைத் தேடி, உடை தேடி, மருந்து தேடி ஜனங்கள் அதில் ஏறினார்கள்.

1964 டிசம்பரில் பாம்பன்–தனுஷ்கோடி பயணிகள் வண்டியைக் கடல் கொண்டுபோனது நம் எல்லாருக்கும் தெரியும். பாம்பன் பாலத்தைச் சீக்கிரமே சீர்செய்தார்கள். தனுஷ்கோடிக்குப் போன தடம் திரும்ப வரவே இல்லை. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, ஐந்தாம் நாள் வண்டி எவ்வளவு பெரிய காரியம் என்று விளக்கத் தேவையில்லை.

2014 ஏப்ரலில் சான்ரிக்கு தன் பாதை முழுவதையும் திறந்தது. குவைத் நாடு ஜப்பானுக்கு நிவாரணமாகக் கச்சா எண்ணெய் கொடுத்தது. அதன் மதிப்பில் ஒரு பங்கு இங்கே புதிய ரயில் பெட்டிகளானது. குவைத்தின் சின்னமும் நன்றி வாசகமும் அந்தப் பெட்டிகளில் இருக்கின்றன. 2019 மார்ச் 23-ல், நடுவில் மியாகோ–கமாய்ஷி பகுதியையும் ஜேஆரிடமிருந்து ஏற்றுக்கொண்டு, சகாரி முதல் குஜி வரை 163 கிலோமீட்டர் ஒரே பாதையாக்கினார்கள். ஏழு மாதம்கூட ஆகவில்லை, அக்டோபரில் புயல் வந்து மறுபடி உடைத்தது. 2020 மார்ச் 20-ல் மறுபடி திறந்தார்கள்.

வழியில் இரண்டு ஊர்களில் இறங்கிப் பாருங்கள். தாரோவில் பத்து மீட்டர் உயரத்துக்கு, இரண்டரை கிலோமீட்டர் அளவுக்குச் சுவர் எழுப்பியிருந்தார்கள். 1896-லும் 1933-லும் அழிந்த ஊர் அது; இனி அழியாது என்று நம்பினார்கள். 2011-ல் அலை சுவரைத் தாண்டியது. ஃபுடாய் கிராமத்தில் கொதோக்கு வாமுரா என்ற ஊர்த்தலைவர், 1933 சுனாமியைக் கண்ணால் பார்த்தவர், வெள்ளக் கதவு 15 மீட்டருக்குக் குறையக் கூடாது என்று நின்றார். இவ்வளவு உயரம் எதற்கு, வீண்செலவு என்று பேசினார்கள். 15.5 மீட்டர் உயரத்தில் கதவு முடிந்தது 1984-ல், சான்ரிக்கு ரயில் ஓடத் தொடங்கிய அதே வருடம். 2011-ல் அது ஊரைக் காப்பாற்றியது. பார்க்க அவர் இல்லை, 1997-ல் காலமாகியிருந்தார். செலவுக் கணக்கைக் காட்டி ஒன்றை வேண்டாம் என்கிறவர்களிடம் நான் சொல்வது இந்த ஊரைத்தான்.

சான்ரிக்கு தனி நிறுவனம் என்பதால் ஜேஆர் வண்டிகளுக்கான ஜப்பான் ரெயில் பாஸ் இங்கே செல்லாது. தனியாகச் சீட்டு வாங்குங்கள். அந்தக் காசு நேராக அந்தப் பாதைக்குப் போகிறது.

தெற்குக் கோடி சகாரி. அதற்கு அப்பால் கெசென்னுமா வரை இருந்த ஜேஆர் பாதையும் சுனாமியில் போனதுதான். அங்கே தண்டவாளம் திரும்ப வரவில்லை. தடத்தைத் தார்ச்சாலையாக்கி, அதில் பஸ் மட்டும் ஓடுகிறது. ஜேஆர் இதை பிஆர்டி, அதாவது விரைவு பஸ் போக்குவரத்து, என்று அழைக்கிறது. சகாரி நிலையத்தில் ரயிலிலிருந்து இறங்கி, பக்கத்து நடைமேடையிலேயே பஸ் ஏறலாம். ரயில் பிரியர்களுக்கு இது வலிக்கும். எனக்கும் வலித்தது. ஆனால் பழைய ரயிலைவிட அடிக்கடி வருகிறது; வேண்டிய இடத்தில் ஊருக்குள் திரும்பி நிற்கிறது. தடாமியில் பஸ் வேண்டாம் என்றது சரி. இங்கே பஸ்ஸை ஏற்றுக்கொண்டதையும் தவறு என்று சொல்ல என்னால் முடியவில்லை. பனி மூடும் கணவாய் வேறு, வீடுகளே மேட்டுக்கு இடம் மாறிவிட்ட கரை வேறு. அந்தந்த ஊர் தனக்கு எது வேண்டும் என்று உட்கார்ந்து பேசியதா என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

கெசென்னுமாவிலிருந்து இச்சினோசெக்கிக்கு மறுபடி டீசல் வண்டி உண்டு. அங்கிருந்து ஷின்கான்செனில் ஏறினால் அன்றைக்கே தோக்கியோ போய்விடலாம். போவதாக இருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் வாருங்கள், கால அட்டவணையை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பேசுவோம். நன்றி, வணக்கம்.