ஆறுதல் வேண்டாம் என்று அழுதவள்

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸை அடுத்து வருகிற ஞாயிறைக் கத்தோலிக்கத் திருச்சபை திருக்குடும்ப விழாவாகக் கொண்டாடுகிறது. அம்மா, அப்பா, பிள்ளைகள் என்று எல்லாரும் சேர்ந்து கோயிலுக்குப் போகிற நாள். அன்று காலையில்தான் வேளாங்கண்ணியிலும் நாகப்பட்டினத்திலும், இங்கே குமரி மாவட்டத்தில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடிக் கரைகளிலும் சுனாமி அலை ஏறி வந்தது. தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய எட்டாயிரம் பேரைக் கொண்டுபோனது.

அந்த ஞாயிறுக்கு உரிய நற்செய்தி மத்தேயு இரண்டாம் அதிகாரம். குழந்தை இயேசுவைக் கொல்லத் தேடிய அரசன் ஏரோதுக்குத் தப்பி யோசேப்பு இரவோடு இரவாகக் குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போகிற பகுதி. பூசையில் அதை வாசிக்கும்போது 15ஆம் வசனத்தோடு நிறுத்தி, நடுவில் மூன்று வசனங்களை விட்டுவிட்டு, 19இலிருந்து தொடர்வார்கள். பெத்லகேம் குழந்தைகள் கொல்லப்படுவதும், இஸ்ரயேலரின் மூதன்னை ராகேல் அவர்களுக்காக அழுவதும் அந்த மூன்று வசனங்களில்தான் இருக்கின்றன. அவை வருவது டிசம்பர் 28, மாசில்லாக் குழந்தைகள் விழாவன்று. 2004இல், பிள்ளைகளைக் கொத்துக் கொத்தாகப் புதைத்துக்கொண்டிருந்த கரையில், அன்றைய நாளுக்கென்று எப்போதோ குறித்துவைத்த வாசகமே இதுதான்: ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள், ஆறுதல் பெற மறுக்கிறாள், ஏனென்றால் பிள்ளைகள் இல்லை.

மத்தேயு அந்த அழுகையை அப்படியே எழுதிவிட்டு மேலே போகிறார். அவளை அதட்ட எந்தத் தூதரும் வரவில்லை. "அழாதே, எல்லாம் நன்மைக்கே" என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. கடற்கரை ஊர்களில் ஆற்றுப்படுத்தும் பணியில் இருக்கிறவள் என்ற முறையில், இன்று உங்களிடம் நான் பேச வந்தது இதைத்தான். வேதம் தன் பக்கங்களிலேயே அழுகைக்கு இவ்வளவு இடம் கொடுத்திருக்கிறது. நம் துக்க வீடுகளில் நாம் ஏன் கொடுப்பதில்லை?

நாம் என்ன சொல்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். "கடவுள் சித்தம்." "நல்ல பூவைத்தான் சாமி பறிப்பார்." "விசுவாசம் இருந்தா இப்படி அழுவியா?" சொல்கிறவர்கள் நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் கேட்கிறவள் அன்றோடு வாயை மூடிக்கொள்கிறாள். அழுகை நின்றுவிட்டது என்று நாம் நினைக்கிறோம், அவளோ ராத்திரியில் தனியாக அழுகிறாள்.

இன்னும் மோசமானது, "இது பாவத்துக்குத் தண்டனை" என்ற பேச்சு. சுனாமி சமயத்தில் இதைப் பலர் சொன்னார்கள், சொன்னவர்களில் பிரசங்கிகளும் உண்டு. இயேசுவிடமே இந்தக் கேள்வி வந்திருக்கிறது. சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் செத்துப்போனார்கள். அவர்கள் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று அவரே கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொன்னார். லூக்கா 13இல் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமென்ட் பல ஆண்டுகள் ஆராய்ந்து சொல்வதும் இதை ஒட்டித்தான் போகிறது. கடவுள் என்னோடு இருக்கிறார் என்று துன்பத்தில் நம்புகிறவர்கள் மெல்ல மெல்லத் தேறுகிறார்கள். கடவுள் என்னைத் தண்டிக்கிறார், கைவிட்டுவிட்டார் என்ற எண்ணத்தில் சிக்கிக்கொண்டவர்களின் மனமும் உடலும் மேலும் நலிகின்றன. ஒரே விசுவாசம்தான், அது மருந்தாகவும் ஆகலாம், புண்ணைக் கிளறவும் செய்யலாம். அதனால்தான் துக்க வீட்டில் நாம் உதிர்க்கிற ஒரு சொல்லுக்குக்கூட நான் இவ்வளவு பயப்படுகிறேன்.

சரி, அப்படியென்றால் என்னதான் செய்வது?

வேதத்தில், பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து உட்கார்ந்திருந்த யோபின் நண்பர்கள் முதலில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. கடைசி அதிகாரத்தில் கடவுள் கோபித்துக்கொள்வது புலம்பிய யோபுவிடம் இல்லை, விளக்கம் சொன்ன நண்பர்களிடம்.

எலியாவின் கதை இன்னும் நெருக்கமானது. உயிருக்குப் பயந்து பாலைவனத்தில் ஒருநாள் முழுக்க நடந்து, ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, "போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். இறைவாக்கினர் சாகக் கேட்கிறார், அதற்காக யாரும் அவரைக் கண்டிக்கவில்லை. தூங்குகிறார். தூதர் தொட்டு எழுப்பி, சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுக்கிறார். மறுபடி தூங்குகிறார். மறுபடி எழுப்பி, மறுபடி சாப்பாடு. அறிவுரை கிடையாது. பேரிடர் கண்ட ஒருவருக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு, சாப்பாடு, தூக்கம், பக்கத்தில் ஒரு ஆள் என்று இன்றைய மனநல மருத்துவமும் சொல்கிறது. எங்கள் அன்பியங்களில், அதாவது அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கிற பங்குக் குழுக்களில், நான் கேட்டுக்கொள்வது, துக்கம் நடந்த வீட்டுக்கு முதல் வாரம் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுபோய், அங்கே அடுப்பு மூட்ட வேண்டியிராதபடி பார்த்துக்கொள்ளுங்கள், இரவில் ஒருவர் போய்ப் படுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். அதுவும் செபம்தான்.

அப்புறம், வார்த்தையே வராத நேரத்துக்குச் செபமாலை. சொன்னதையே திரும்பச் சொல்வதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. 2001இல் இத்தாலிய மருத்துவர்கள் சிலர் இதை ஆராய்ந்து பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். லத்தீனில் அருள்நிறை மரியே செபத்தைச் சொல்லும்போது மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு நிதானமாகிறது, இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் அந்தத் தாளத்துக்கு வருகின்றன என்று கண்டார்கள். அவர்கள் பார்த்தது நலமாக இருந்தவர்களைத்தான். ஆனாலும் பயத்தில் நெஞ்சு படபடக்கும்போது பாட்டிமார் ஏன் மணியை உருட்டினார்கள் என்பது எனக்கு அதில் புரிகிறது.

ஒக்கிப் புயலைப் பற்றியும் சொல்லவேண்டும். 2017 நவம்பர் கடைசியில், தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று அந்தக் கரையிலிருந்து ஆழ்கடலுக்குப் போனவர்களில் பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. உடலைப் பார்க்காத வீட்டில் துக்கம் தொடங்கவும் முடியாது, முடியவும் முடியாது. எங்காவது கரையேறியிருப்பார் என்று காத்திருக்கிறவளிடம், "போனவர் போயிட்டார், பிள்ளைகளைப் பார்" என்று சொல்வது கொடுமை. உடல் இல்லாமலேயே அடக்கத் திருப்பலி நிறைவேற்றத் திருச்சபையில் இடம் உண்டு. ஆனால் அது எப்போது என்பதை அந்த வீட்டார்தான் முடிவு செய்யவேண்டும், ஊர் அவசரப்படுத்தக் கூடாது. அதுவரை பூசைக் கருத்துகளில், அதாவது யாருக்காகப் பூசை என்று சொல்லும்போது, அவர் பெயரைச் சத்தமாக வாசியுங்கள். பெயரை ஊர் மறக்கவில்லை என்பதே அவளுக்குப் பெரிய பிடிமானம்.

கடைசியாக ஒன்றைக் கண்டிப்போடு சொல்கிறேன். செபித்தால் போதும், மாத்திரையை நிறுத்து என்று எந்தக் குணமளிக்கும் கூட்டத்தில் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மருத்துவரை மதி, அவரையும் ஆண்டவரே படைத்தார் என்று சீராக்கின் ஞான நூல் 38ஆம் அதிகாரம் சொல்கிறது. ஒரு மாதத்துக்குப் பிறகும் கெட்ட கனவு ஓயவில்லை, சின்னச் சத்தத்துக்கும் உடல் தூக்கிப்போடுகிறது, கடலைப் பார்க்கவே முடியவில்லை, சாகலாம் போலிருக்கிறது என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். சாக நினைக்கிறவர் ஒரு மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம், உடனே யாரிடமாவது சொல்லுங்கள். வருடங்கள் கழித்து, டிசம்பர் வந்தால் மட்டும் இப்படி ஆகிறவர்களும் உண்டு. அவர்களுக்கும் உதவி உண்டு.

அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, இரவு பகல் எப்போதும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். பங்குத்தந்தையரே, உபதேசியார்களே, ஞாயிறு பூசை முடிவில் திருமண ஓலை வாசிக்கும்போது இந்த எண்ணையும் சேர்த்து வாசியுங்கள். 14416.

நன்றி, வணக்கம்.