சுவரோரம் ஒலிக்கும் ஆட்டம்

நேயர்களுக்கு வணக்கம்.

பிட்ஸ்பர்க் என்றதும் நம்மவர்களுக்கு பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோயில்தான் ஞாபகம் வரும். நானும் அந்த ஊருக்கு முதலில் போனது கோயிலுக்காகத்தான். பிறகு வேலை கிடைத்து அங்கேயே தங்கிவிட்டேன். பேஸ்பால் பைத்தியம் என்னைப் பிடித்தது ஒரு செங்கல் சுவருக்குப் பக்கத்தில்.

ஓக்லண்ட் என்பது அந்த ஊரின் பல்கலைக்கழகப் பகுதி. 1909 முதல் 1970 வரை பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அணி ஆடிய ஃபோர்ப்ஸ் ஃபீல்ட் மைதானம் அங்கேதான் இருந்தது. மைதானத்தை இடித்துவிட்டார்கள். வெளிச்சுவரில் ஒரு துண்டு மட்டும் கொடி படர்ந்து இன்னும் நிற்கிறது. வருடா வருடம் அக்டோபர் 13 அன்று அந்தச் சுவரடியில் ரசிகர்கள் கூடுகிறார்கள். மடக்கு நாற்காலி, கையில் ஒரு சாண்ட்விச், நிறம் வெளுத்த தொப்பி. மதியம் 1 மணிக்கு ஒலிப்பதிவு ஓடத் தொடங்கும். 1960 உலகத் தொடரின், அதாவது அமெரிக்கப் பேஸ்பால் கோப்பை யாருக்கு என்று முடிவாகும் இறுதித் தொடரின், ஏழாவது, கடைசி ஆட்டத்தின் வானொலி வர்ணனை அது.

எதிரணி நியூயார்க் யாங்கீஸ். அந்தத் தொடர் முழுக்க யாங்கீஸ் எடுத்த ரன்கள் 55, பைரட்ஸ் எடுத்தது வெறும் 27. ஆனாலும் ஆளுக்கு மூன்று வெற்றி என்று கடைசி ஆட்டத்துக்கு வந்து நின்றார்கள். அதிலும் கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் யாங்கீஸ் ஆடி முடித்தபோது 9-க்கு 9. பைரட்ஸ் தரப்பில் முதலாவதாக பேட் பிடிக்க வந்தவர் பில் மசரோஸ்கி. தடுப்பாட்டத்தில் கெட்டிக்காரர், ஆனால் ஹோம் ரன் அடிப்பதற்கு, அதாவது கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி பந்தைச் சுவருக்கு வெளியே அனுப்புவதற்கு, பேர்போனவர் இல்லை. இரண்டாவது பந்து. யாங்கீஸின் யோகி பெர்ரா சுவர்வரை ஓடி அண்ணாந்து பார்க்க, பந்து அவர் தலைக்கு மேலே வெளியே போய்விட்டது. கோப்பை பைரட்ஸுக்கு. உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் ஒரு ஹோம் ரன்னோடு முடிந்தது அன்றைக்கு ஒரு தடவைதான்.

நான் முதல் தடவை போனபோது எனக்கு யாரையும் தெரியாது. ஓரமாக நின்றேன். ஒரு பெரியவர் தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி, பக்கத்தில் இருந்த குளிர்பெட்டியைக் காட்டி, "உட்கார்" என்றார். ஒன்பதாவது இன்னிங்ஸ் நெருங்க நெருங்கப் பேச்சு அடங்கிவிட்டது. முடிவு எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் அவர் விரல்கள் நாற்காலிக் கையை இறுகப் பிடித்திருந்தன. சரியாக 3 மணி 36 நிமிடத்துக்குப் பந்து சுவரைத் தாண்டுகிறது. அன்று அந்த ஆட்டம் முடிந்ததும் அதே நேரத்தில்தான். வர்ணனையாளர் பதற்றத்தில் பந்து வீசியவர் பெயரையே மாற்றிச் சொல்கிறார். வீசியவர் ரால்ஃப் டெர்ரி, அவர் சொல்வது ஆர்ட் டிட்மார். ஸ்கோரையும் பத்துக்குப் பூஜ்ஜியம் என்று சொல்லி, அப்புறம் பத்துக்கு ஒன்பது என்று திருத்துகிறார். அந்தத் தவறுகளையும் கூட்டம் சேர்ந்து சொல்கிறது, வீட்டுப் பிள்ளையின் மழலையைத் திருப்பிச் சொல்வதுபோல. சிறுவயதில் டிரான்சிஸ்டரைக் காதோடு ஒட்டிக் கிரிக்கெட் கேட்டவன் நான். ஒரு குரல் மட்டும் போதும், கண்முன் மைதானமே விரியும் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான். கண்ணில் நீர் வந்துவிட்டது.

அந்தப் பெரியவர் மசரோஸ்கியைவிட அதிகம் பேசியது ரொபர்ட்டோ கிளெமென்டேயைப் பற்றி. போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த கறுப்பினத்தவர். பதினெட்டு சீசன்களும் பைரட்ஸுக்கு மட்டுமே ஆடியவர். ஆரம்ப காலத்தில் பத்திரிகைகள் அவருடைய ஆங்கில உச்சரிப்பை அப்படியே எழுத்துக்கூட்டி அச்சிட்டுக் கேலி செய்தன. 'பாப்' என்று பெயரைச் சுருக்கினார்கள். அவர் விடவில்லை, என் பெயர் ரொபர்ட்டோ என்றே சொல்லிவந்தார். வெளிநாட்டு அலுவலகத்தில் பெயரை வெட்டிக் கொடுத்துவிட்டு நிற்கும் நம்மில் எத்தனையோ பேருக்கு இது நெஞ்சில் தைக்கும். எனக்குத் தைத்தது.

பந்தை அடித்துவிட்டு ஆட்டமிழக்காமல் ஓடித் தளம் சேர்ந்தால் அது ஒரு ஹிட். 1972 செப்டம்பர் 30 அன்று அவர் தன் மூவாயிரமாவது ஹிட்டை அடித்தார். அந்த டிசம்பரில் நிகராகுவாவின் மனாகுவா நகரைப் பூகம்பம் தரைமட்டமாக்கியது. இவர் திரட்டி அனுப்பிய நிவாரணப் பொருள்கள் மக்கள் கையில் சேராமல் வேறெங்கோ போகின்றன என்று கேள்விப்பட்டு, தானே கூடப் போக டிசம்பர் 31 அன்று விமானம் ஏறினார். புறப்பட்ட சிறிது நேரத்தில் விமானம் கடலில் விழுந்தது. உடல் கிடைக்கவே இல்லை. வயது 38. அவருடைய தோழர், அணியின் கேட்சர் மேனி சங்கீயன், நினைவுப் பிரார்த்தனைக்குக்கூடப் போகாமல் கடலில் மூழ்கித் தேடிக்கொண்டிருந்தார். வாழ்நாள் கணக்கு சரியாக 3000 ஹிட்டில் நின்றுவிட்டது.

2001-ல் ஆற்றங்கரையில் கட்டிய புதிய மைதானத்தில் வலப்பக்கச் சுவரின் உயரம் 21 அடி. கிளெமென்டே சட்டை எண் 21 என்பதால் அப்படி வைத்தார்கள். ஆட்டநாளில் அவர் பெயர் தாங்கிய பாலத்தில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், ஜனங்கள் நடந்தே வருவார்கள். அந்த மைதானத்தில் முதல் சீசன் ஆட்டம் தொடங்கிய அதே நாள், ஏப்ரல் 9 காலையில், 1979 கோப்பையை வாங்கித்தந்த வில்லி ஸ்டார்ஜல் காலமானார். அந்த ஊரில் ஆனந்தமும் துக்கமும் இப்படித்தான் ஒரே நாளில் வந்துவிடும். ஜாஷ் கிப்சனையும் சொல்லாமல் விடக்கூடாது. நிறவெறியால் பெரிய லீக்கில் காலே வைக்க முடியாமல் இறந்துபோனவர், இதே ஊர்க் கறுப்பினத்தவர் அணிகளின் நட்சத்திரம். 2024-ல்தான் கறுப்பினத்தவர் தனியாக ஆடிய நீக்ரோ லீக்கின் கணக்குகளைப் பிரதான ஏட்டில் சேர்த்தார்கள். சேர்த்த அன்றே வாழ்நாள் பேட்டிங் சராசரியில், அதுவரை முதலிடத்தில் இருந்த டை காப்பைத் தாண்டி கிப்சன் முதலிடத்துக்கு வந்தார்.

இப்படிப் பழையதையே பேசுகிறவர்களுக்கு நாளையைப் பற்றி அக்கறை இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 3 மணி 37-க்கே அடுத்த சீசன் பேச்சு தொடங்கிவிடும். 1979-க்குப் பிறகு கோப்பை இல்லை. 1993 முதல் 2012 வரை தொடர்ந்து இருபது சீசன்கள் வெற்றியைவிடத் தோல்வியே அதிகம். 2013-ல் நட்சத்திர ஆட்டக்காரர் ஆண்ட்ரூ மக்கட்சன் காலத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, 2015-ல் 98 வெற்றி. அதற்குப் பின் 2025 வரை, சீசன் முடிந்து அக்டோபரில் சிறந்த அணிகள் மட்டும் ஆடும் சுற்றுகளின் பக்கமே போகவில்லை.

இப்போது எல்லோர் வாயிலும் பால் ஸ்கீன்ஸ், பைரட்ஸின் பிட்சர், அதாவது பந்து வீசுபவர். 2025-ல் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக இரண்டு ரன்கூடக் கொடுக்காமல் வீசி, சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை ஒரு ஓட்டு குறையாமல் வாங்கினார். பேஸ்பாலில் ஆட்டத்தின் வெற்றி தோல்வியைப் பிட்சர் பெயரிலும் எழுதுவார்கள். அப்படி வீசியும் அவர் கணக்கு பத்து வெற்றி, பத்து தோல்வி. பேட்டர்கள் ரன் எடுத்தால்தானே? முப்பது அணிகளில் மிகக் குறைவாக ரன் எடுத்தது பைரட்ஸ்தான். எனக்கு உண்மையில் கோபம் வருவது இங்கேதான். உரிமையாளர் கையைத் திறந்து செலவு செய்வதில்லை என்பது ஊரறிந்த மனக்குறை. 'அணியை விற்றுவிடு' என்ற கோஷம் 2025-ல் மைதானத்திலேயே கேட்டது. ஸ்கீன்ஸையும் ஒருநாள் பெரிய பணக்கார அணிக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் ரசிகர்களுக்கு இருக்கிறது. எனக்கும் இருக்கிறது. இப்படி ஒருவர் கையில் கிடைத்திருக்கும்போது, ரன் எடுக்கும் இரண்டு பேரைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தாவிட்டால் அது அந்தப் பையனுக்குச் செய்யும் அநியாயம்.

2026-க்கு எங்கள் இன்னொரு நம்பிக்கை கானர் கிரிஃபின். 2006-ல் பிறந்த பையன், இரண்டாம் மூன்றாம் தளங்களுக்கு நடுவே நின்று தடுக்கும் ஷார்ட் ஸ்டாப். ஃப்ளோரிடாவின் பிராடென்டனில் பிப்ரவரிப் பயிற்சி தொடங்கியதும் பெரியவர் போனில் கேட்ட முதல் கேள்வி, "பையன் எப்படி அடிக்கிறான், பார்த்தாயா?" பிறகு வழக்கம்போலக் கிளெமென்டேயிடம் போய்விட்டார். இந்தப் பையனின் வயதில் கிளெமென்டே எப்படிப் பந்தை எறிவார் என்று அரைமணி நேரம்.

வரும் அக்டோபர் 13 செவ்வாய்க்கிழமை. இப்போதே லீவு சொல்லிவிட்டேன். மதியம் சுவரடியில் பழைய ஆட்டத்தைக் கேட்டுவிட்டு, சாயங்காலம் கிளெமென்டே பாலத்தில் நடந்துபோய் இந்த வருடத்து ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். அக்டோபரில் பைரட்ஸ் ஆடிக்கொண்டிருக்க வேண்டும். பெரியவருக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கப் பணம் எடுத்துவைத்திருக்கிறேன்.

வணக்கம்.