கடைசியில் நடப்பவர்

நேயர்களுக்கு வணக்கம். சேலத்தில் எங்கள் நடைக்குழு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்வராயன் மலையில் நடக்கிறது. அதில் கடைசி ஆளாக வருவது என் பொறுப்பு. யாரும் எனக்குப் பின்னால் தங்கிவிடக் கூடாது, அவ்வளவுதான் வேலை. மழை நாளில் அது எவ்வளவு பெரிய வேலை என்பதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

போன ஐப்பசியில் பதினான்கு பேர் கிளம்பினோம். அஸ்தம்பட்டியில் வண்டி ஏறும்போது நல்ல வெயில். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி ஏற்காடு போய் இறங்கினால் எதிரே ஏரியைக் காணோம், அவ்வளவு மூடுபனி. சேலத்தைவிட ஏற்காடு 1,200 மீட்டருக்கு மேல் உயரம். ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரி குறையும் என்று வைத்தாலும் ஏழு டிகிரி போய்விடுகிறது. கீழே போட்டுவந்த பருத்திச் சட்டை நனைந்து, அதன்மேல் காற்றும் அடித்தால் உடம்பு சூட்டை இழந்துகொண்டே இருக்கும்.

சேர்வராயன் கோயில் வரை போய்த் திரும்புவது என்று திட்டம். சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில் காப்பிச் செடிகள், மரங்களில் ஏறிய மிளகுக்கொடி. மழை நின்ற பிறகும் மரம் சொட்டிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில் நடப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

எனக்கு முன்னால் எங்கள் குழுவின் அக்கா ஒருவர், அறுபது வயதைத் தாண்டியவர், ஏரியிலிருந்தே பேசிக்கொண்டு வந்தார். பாதி வழியில் பேச்சு நின்றுவிட்டது. களைப்பு என்று நினைத்தேன். ஒரு பாறையோரம் நின்று, கடலை மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரிக்கப் பார்த்தார். விரல் அந்தக் காகித முனையைப் பிடிக்கிறது, நழுவுகிறது, மறுபடியும் பிடிக்கிறது. கை நடுங்கியது. “குளிருதா அக்கா?” என்று கேட்டேன். “இல்லப்பா, நல்லாத்தான் இருக்கேன்” என்றார். குளிர் ஏறிய ஆள் அப்படித்தான் சொல்வார். பேச்சு குறைவதையும் கை சொன்னபடி கேட்காததையும்தான் நாம் பார்க்க வேண்டும்.

விசில் அடித்து எல்லாரையும் நிறுத்தினேன். பெண்கள் குடை பிடித்து மறைத்துக்கொள்ள, அக்கா உலர்ந்த சட்டைக்கு மாறினார். தலைக்கு ஒரு துண்டு, பிளாஸ்க்கிலிருந்து சூடாகச் சர்க்கரை போட்ட டீ. கால் மணி நேரத்தில், “சட்டை யாருது, ரொம்ப லூஸா இருக்கே” என்று கேட்டார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அதற்குள் மேலே இடி. கோயில் இருக்கும் உச்சி 1,600 மீட்டருக்கு மேல், மரமில்லாத திறந்த மேடு. மின்னலுக்கு அங்கே நாம்தான் உயரமாக நிற்போம். குகைக்குள் இருக்கும் சேர்வராயனையும் காவேரியம்மனையும் கும்பிட ஆசையோடு வந்த இளைஞர்களுக்கு முகம் வாடிவிட்டது, அது நியாயம்தான். ஆனாலும் திரும்பினோம், பதினான்கு பேரும் ஒன்றாக. அக்காவை இரண்டு பேரோடு தனியாகக் கீழே அனுப்பலாம் என்று ஒருவர் சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. மழையில் பிரிந்த கூட்டத்தைச் சேர்ப்பது பெரும்பாடு.

வழியில் ஓர் ஓடை. போகும்போது கணுக்கால் நனைந்த இடத்தில் இப்போது செந்நிறமாக, சருகும் குச்சியும் அடித்துக்கொண்டு தண்ணீர் ஓடியது. தோட்டத்தில் வேலை செய்யும் பெரியவர் ஒருவர், இந்த மலையின் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவர், சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அக்கரையில் நின்றார். “எறங்காதீங்க, மேல இன்னும் பெய்யுது. உட்காருங்க, வடிஞ்சிடும்” என்று கத்தினார். மலை ஓடை ஏறுவதும் வேகம், இறங்குவதும் வேகம். அவர் சொல்லைத் தட்டாமல் கரையைவிட்டு மேடேறி உட்கார்ந்தோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. தண்ணீர் தெளிந்து, நடுவில் கிடந்த தட்டைக்கல் மறுபடி தலைகாட்டியதும் பெரியவர் கையசைத்தார். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினோம். கடைசியில் நான், எனக்கு முன்னால் அக்கா.