உருமி அண்ணன் பெயர் என்ன?

(ஒரு கல்லூரியின் விஸ்காம் துறை இறுதியாண்டு மாணவர்கள் தயாரித்த இசை வீடியோவையும் ஆல்பம் அட்டையையும் திரையிட்ட நாளில் பேசியது. எழுதும்போது கொஞ்சம் ஒழுங்கு செய்திருக்கிறேன்.)

அனைவருக்கும் வணக்கம். மேடையில் வீற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, செயலர் ஐயா அவர்களே, துறைத்தலைவர் அம்மா அவர்களே, நகர்மன்றத் தலைவர் அவர்களே. தலைவருக்கு ஆறு மணிக்கு ஒரு காதுகுத்து இருக்கிறதாம். நடுவில் எழுந்து போனால் அதற்கு என் பேச்சு காரணமில்லை என்று உங்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடச் சொன்னார். சொல்லிவிட்டேன் ஐயா. விழாவை நேரலையாகக் காட்டிக்கொண்டிருக்கும் உள்ளூர் கேபிள் உரிமையாளர் அவர்களே, பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே, ஓரத்தில் மிக்சர் மேசைக்குப் பின்னால் நிற்கும் சவுண்ட் சர்வீஸ் அண்ணன் அவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

வரவேற்புரையில் சவுண்ட் சர்வீஸ் அண்ணனைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அவர் ஒரு பட்டனைத் திருகினால் என் முழுப் பேச்சும் போய்விடும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பழமொழியை இன்று நான் பல தடவை சொல்வேன். என் வீட்டில் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய்விட்டது, அதனால் வெளியே வந்து சொல்கிறேன்.

செயலர் ஐயா எனக்குப் பொன்னாடை போர்த்தினார். இந்த வெயிலிலும் அதைக் கழற்றாமல் பேசுகிறேன் என்றால் அது அவர் மேல் உள்ள மரியாதை. இந்தத் துறைக்குக் கேமரா வாங்கிக் கொடுத்தவர் அவர். அந்தக் கேமராவில் எடுத்ததைத்தான் இப்போது பார்த்தோம். முதல்வர் அவர்கள் படப்பிடிப்புக்காக மாணவர்களுக்கு மூன்று நாள் வருகைப்பதிவு கொடுத்தார்களாம். கேமராவை விடப் பெரிய உதவி அதுதான் என்று மாணவர்கள் காதில் சொன்னார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான்கு செய்திகள் பேசப் போகிறேன். ஒன்று, வீடியோ. இரண்டு, அட்டை. மூன்று, இந்த இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாகத் தெரிகின்றனவா என்பது. நான்கு, பார்த்தவர்களிடம் மாணவர்கள் வாங்கிய கருத்துப் படிவங்கள்.

இசை வீடியோவுக்கு மரபு என்று ஒன்று இருக்கிறது, உங்கள் பாடத்திலும் வைத்திருப்பார்கள். அமெரிக்காவின் இசை வீடியோ சேனலான எம்டிவி தொடங்கியது 1981 ஆகஸ்ட் 1ஆம் தேதி. பதினோரு வருஷம் கழித்து, 1992இல், ஆண்ட்ரூ குட்வின் என்பவர் அந்த வீடியோக்களை எல்லாம் உட்கார்ந்து பார்த்து ஒரு புத்தகம் எழுதினார். பாட்டு வரிக்கும் படத்துக்கும் ஒரு உறவு இருக்கும், தாளத்துக்கும் ஷாட் மாறும் வெட்டுக்கும் ஒரு உறவு இருக்கும், ஒவ்வொரு இசை வகைக்கும் அதற்கே உரிய அடையாளங்கள் இருக்கும், பாடுகிறவர் முகத்துக்குக் குளோசப் மேல் குளோசப் வரும் என்று அதில் சொன்னார். கடைசியாகச் சொன்னதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குளோசப் யாருக்கு? கம்பெனி யாரை விற்க வேண்டுமோ அவருக்கு.

நம் ஊர் மரபு வேறு. சினிமாப் பாட்டில் பாடியவர் திரையில் இருக்க மாட்டார், நடிகர் வாயசைப்பார். தனிப்பாடல் வீடியோ வந்த பிறகுதான் பாடிய பெண்ணே வந்து நம்மைப் பார்த்துப் பாடுகிறாள். இந்த மாணவர்களும் அதைத்தான் செய்திருக்கிறார்கள். கடைசி டவுன் பஸ்ஸுக்காக ஷெல்டரில் காத்திருக்கும் பெண். வேலை முடிந்து வந்த களைப்பு, கையில் டிபன் கேரியர். "விளக்கு மட்டும் வருது, வண்டி வரலை" என்று ஒரு வரி. அந்த வரியில் படத்திலும் விளக்கு வந்தது, வந்தது ஒரு மோட்டார் சைக்கிள். வரியும் படமும் பேசிக்கொள்வது இப்படித்தான் இருக்க வேண்டும். வரியில் மழை என்றால் படத்திலும் மழை காட்டுவது எல்லோராலும் முடியும்.

தொடக்கத்தில் டிரோன் ஷாட் வைத்திருக்கிறார்கள். டிரோன் வாடகைக்குக் கிடைக்கிறது என்பதைத் தவிர அதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. எடுத்துவிடுங்கள்.

இரண்டாம் சரணத்தில் அந்தப் பெண் மெதுவாக, ஸ்லோமோஷனில், நடந்து வந்துகொண்டே பாடுகிறாள். அழகான காட்சி. ஆனால் அவள் வாய் 'ஆ' என்று திறப்பதற்குள் பாட்டு அடுத்த அடிக்குப் போய்விட்டது. காரணம் எளிது. நொடிக்கு 50 ஃபிரேம் எடுத்து 25இல் ஓட்டியிருக்கிறார்கள். அப்படி எடுக்கும்போது ஸ்பாட்டில் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஒலிக்கவிட வேண்டும். பாட்டு அணில் கத்துவது மாதிரி கேட்கும், பாடுகிற பெண் சிரித்துவிடுவாள், சுற்றி நிற்கிறவர்களும் சிரிப்பார்கள். சிரித்து முடித்துவிட்டு அந்த வேகத்துக்கு வாயசைக்க வேண்டும். திரையில் மெதுவாக ஓட்டும்போது உதடும் பாட்டும் ஒன்றாக விழும். அடுத்த வருஷ மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த வீடியோவில் மிக நல்ல ஷாட் எது? எடிட்டிங் செய்த தம்பியிடம் கேட்டேன். பஸ் வருகிற ஷாட் என்றார். எனக்கு அது இல்லை. உருமி மேளம் வருகிற ஷாட். வளைந்த குச்சி ஒரு பக்கத் தோலில் உரசி இழுக்கிறது, உறுமல் வருகிறது, அதே நேரம் மறுபக்கத்தில் மற்றக் குச்சி விழுகிறது. விரலில் சுற்றிய துணி வரை தெரிகிறது. மூன்று தடவை வருகிறது அந்தக் கை. மூன்று தடவையும் வெட்டு சரியாக அடியில் விழுகிறது. முழு வீடியோவையும் தூக்கி நிறுத்துவது அந்தக் கைதான்.

அந்தக் கைக்குச் சொந்தமான முகம் ஒரு தடவைகூட வரவில்லை. மூன்று நிமிடம் நாற்பது நொடியில் ஒரு தடவைகூட!

உப்பிட்டவரை உள்ளளவும் நினை. ஒரு கதை சொல்கிறேன். முதல்வர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், இது சின்னக் கதைதான்.

என் தாய்மாமா மதுரைப் பக்கம் ஒரு நையாண்டி மேளத்தில் பம்பை என்ற இரட்டை மேளம் வாசித்தவர். நான் எட்டாவது படிக்கும்போது, 1980களில், மெட்ராஸிலிருந்து ஒரு கேசட் கம்பெனிக்காரர் வந்து, ஆடி மாசத்துக்கு அம்மன் பாட்டு கேசட் போடுகிறோம், பம்பைக்கு ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார். சம்பளம் 75 ரூபாய், சாப்பாடு. மாமா பம்பையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறினார். டிக்கெட் பரிசோதகர், "என்னய்யா இது, ரெண்டு பானையா?" என்று கேட்டிருக்கிறார். "பம்பை சார்." "இதுக்கு லக்கேஜ் டிக்கெட் எங்கே?" "இது என் மடியிலதான் சார் உட்காரும், சீட்டு கேட்காது." அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஸ்டூடியோவில் சிரிக்கவில்லை. பம்பை சத்தத்தில் பாடுகிறவர் குரல் மைக்கில் அமுங்குகிறது என்று மாமாவை ஒரு மரத்தட்டிக்குப் பின்னால் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். அப்புறமும் சத்தம் போதாமல், அதாவது குறையாமல், பம்பை மேல் துண்டைப் போடச் சொன்னார்கள். துண்டு போட்டு வாசித்துவிட்டு வந்தேன் மாப்ளே, அம்மனுக்கே சளி பிடிச்ச மாதிரி இருந்தது என்றார்.

ஆடி வந்தது, கேசட்டும் வந்தது. டீக்கடையில் போட்டார்கள். கூட்டமான கூட்டம். மாமா உள் அட்டையை எடுத்து என்னிடம் கொடுத்து, படி என்றார். பாடியவர் பெயர் இருந்தது, எழுதியவர் பெயர் இருந்தது, இசையமைத்தவர், ஒலிப்பதிவு செய்தவர், அட்டையில் அம்மன் படம் போட்டவர், எல்லோரும் இருந்தார்கள். கடைசியில் ஒரு வரி: மற்றும் குழுவினர். இன்னொரு தடவை படி என்றார். படித்தேன். திருப்பிப் பார் என்றார். திருப்பினால் கம்பெனி முகவரி. டீக்கடை அண்ணன் கிண்டலாக, "உன் பேரு எங்கப்பா?" என்று கேட்டார். மாமா டேப்பைச் சுட்டிக்காட்டினார். "நாலாவது பாட்டு, ரெண்டாவது சரணத்துக்கு முன்னால. காது இருந்தா கேளு."

அதோடு முடியவில்லை. மறுநாள் டவுனுக்குப் போய்ப் பத்துக் கேசட் வாங்கிவந்தார். சம்பாதித்தது 75 ரூபாய், கேசட்டுக்குக் கொடுத்தது அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். என்னைத் திண்ணையில் உட்கார வைத்து, ஒவ்வொரு அட்டையிலும் 'மற்றும் குழுவினர்' என்ற வரிக்குக் கீழே, 'பம்பை' என்று போட்டு, இனிஷியலோடு அவர் பெயரை எழுதச் சொன்னார். நீல மை. பத்து அட்டை. அப்புறம் டீக்கடைக் கேசட்டிலும் எழுதினேன். அதன் பிறகு சாகும்வரை எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும், யாரது என்று உள்ளேயிருந்து கேட்டால், "மற்றும் குழுவினர் வந்திருக்கேன்" என்பார்.

இதோ, அந்தப் பத்தில் ஒன்று. பையில் எப்போதும் வைத்திருப்பேன். மை கொஞ்சம் கசிந்திருக்கிறது.

சரி, அட்டை. முன்பக்கம் பஸ் ஜன்னல், கம்பியில் கட்டிய ஒரு ரிப்பன். நல்ல படம். ஒரு காலத்தில் இசைத்தட்டுக்குப் படம் போட்ட அட்டையே கிடையாது, மொட்டை உறைதான். கொலம்பியா கம்பெனியில் வேலை பார்த்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் 1940இல் படம் போட்ட அட்டையைக் கொண்டுவந்தார். எல்.பி. தட்டின் அட்டை பன்னிரண்டு அங்குலம், சுவரில் மாட்டலாம். இன்று அதே அட்டை போனில் தபால்தலை அளவு. உங்கள் அட்டையின் முன்பக்கத்தில் ஐந்து வரி எழுத்து இருக்கிறது. போனில் பார்த்தேன், எறும்பு ஊர்கிறது. தலைப்பும் பாடகி பெயரும் போதும்.

பின்பக்கத்தில் பார்கோடு போட்டிருக்கிறீர்கள். மரபு, ஒப்புக்கொள்கிறேன். 890 என்று தொடங்குகிறது, இந்தியாவில் பதிவான எண்தான். என் போனில் ஸ்கேன் செய்தேன். பிஸ்கட் வந்தது.

இருக்க வேண்டியது இல்லை. நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஏ பிரிவு, ஒலிப்பதிவை வெளியிடும்போது தயாரித்தவர் பெயர், முகவரி, உரிமை யாருடையது, முதலில் வெளியான ஆண்டு இவையெல்லாம் இருக்க வேண்டும் என்கிறது. ஆண்டையே காணோம். அதே சட்டத்தில் 38பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. வாசித்தவர், பாடியவர், ஆடியவர், யாராக இருந்தாலும் அதை நிகழ்த்தியவர் இவர்தான் என்று அடையாளம் காட்டப்படும் உரிமை அவருக்கு உண்டு. பயன்படுத்தும் விதத்தாலேயே விடவேண்டி வந்தால் மட்டும் விலக்கு. இடம் இல்லை என்று சொல்ல உங்களால் முடியாது. டிரோன் இயக்கியவர் பெயர் இருக்கிறது, வண்ணம் சேர்த்தவர் பெயர் இருக்கிறது, சிறப்பு நன்றி என்று பதினான்கு பேர் இருக்கிறார்கள், அதில் பரோட்டா மாஸ்டர் ஒருவர். இருக்கட்டும், அவரும் உப்பிட்டவர்தான். அதற்குக் கீழே என்ன இருக்கிறது தெரியுமா? 'மற்றும் குழுவினர்'. என் மாமா கதவைத் தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்ற பாடகி பாடிப் பதிவு செய்தபோது, தட்டு முடிகிற இடத்தில் ஆங்கிலத்தில் தன் பெயரைத் தானே சொல்வார். என் பெயர் கௌஹர் ஜான் என்று. தட்டை அச்சடித்தது ஜெர்மனியில். அங்கே இருந்தவர்கள் பெயரைத் தவறாமல் ஒட்டுவதற்கு அது உதவியது. நம் குறுந்தொகையில் 40ஆவது பாட்டை எழுதியவர் பெயர் தெரியவில்லை. தொகுத்தவர்கள் 'மற்றும் புலவர்கள்' என்று போடவில்லை. செம்புலப் பெயல்நீர் என்ற அவருடைய வரியையே எடுத்துச் செம்புலப்பெயல்நீரார் என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கணக்கில் உருமிக்காரருக்கு நீங்கள் ஒரு பெயராவது வைத்திருக்கலாம்.

திரையிடல் முடிந்ததும் இயக்கிய மாணவியிடம், உருமி வாசித்தவர் பெயர் என்னம்மா என்று கேட்டேன். யோசித்துவிட்டுப் போனை எடுத்துத் தேடினார். "உருமி அண்ணன்னுதான் சார் சேவ் பண்ணியிருக்கேன்" என்றார். பொய் சொல்லாமல் சொன்னார், அதற்காகப் பாராட்டுகிறேன். அவரை இன்றைக்கு அழைத்தீர்களா என்றேன். பக்கத்து ஊரில் கோயில் கொடை, வாசிக்கப் போய்விட்டாராம்.

துறைத்தலைவர் அம்மாவுக்கு ஒரு வேண்டுகோள். நான் போகிற கல்லூரியில் எல்லாம் கேட்பதுதான். வீடியோவுக்கு இவ்வளவு, அட்டைக்கு இவ்வளவு, அறிக்கைக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போடுகிறீர்கள். அதில் ஒரு வரி சேருங்கள்: வேலை செய்த அத்தனை பேர் பெயரும் சரியாக இருந்தால் பத்து மதிப்பெண். பெயர் இல்லாவிட்டால் பூஜ்யம். பத்து மதிப்பெண் என்றால் பிள்ளைகள் எல்லாப் பெயரையும் கண்டுபிடித்துவிடுவார்கள். அம்மா தலையாட்டுகிறார்கள். கேபிள்காரர் பதிவு செய்துகொள்ளுங்கள்.

மூன்றாவது செய்தி, வீடியோவும் அட்டையும் ஒத்துப்போவது. ரிப்பன் இரண்டிலும் இருக்கிறது, நல்லது. மீதியை நேரில் சொல்கிறேன். நான்காவது, கருத்துப் படிவங்கள், என் கையில் இருக்கின்றன. தலைவர் எழுந்துவிட்டார், தேநீரும் வந்துவிட்டது.

ஒன்றே ஒன்று. வீடியோ முடிந்த பிறகு நான்கு நொடி கறுப்புத் திரை சும்மா ஓடுகிறது. இணையத்தில் வெள்ளிக்கிழமைதான் ஏற்றப் போகிறீர்கள் என்று சொன்னார்கள், நாள் இருக்கிறது. கொடை முடிந்து காலையில் தூங்குவார், பத்து மணிக்கு மேல் போன் போடுங்கள். இனிஷியலையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வணக்கம்.