‘ஆர்டர் 39 எடும்மா’ என்றால் எண்ண ஆரம்பிக்காதீர்கள் | லா காலேஜ் சேரும் முன்

வணக்கம். காற்று மைக்கில் இரைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், கடலூர் சில்வர் பீச்சில் உட்கார்ந்து பேசுகிறேன். வீட்டில் இருந்தால் மிக்சி, இங்கே அலை. அலையே பரவாயில்லை.

மூன்று வருட எல்.எல்.பி. சேரப்போகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதுதான்: “அக்கா, லத்தீன் வார்த்தை எல்லாம் மனப்பாடம் பண்ணிட்டு வரணுமா?” வேண்டாம். முதல் வருடத்தை முடித்துவிட்டுச் சொல்கிறேன், லத்தீன் என்னை ஒருநாளும் ஏமாற்றவில்லை. பார்த்த உடனே தெரியாத வார்த்தை என்று தெரிந்துவிடும், தேடிப் பார்த்துவிடுவோம். என்னைக் கவிழ்த்ததெல்லாம் தெரிந்த வார்த்தைகள்தான்.

காலேஜ் திறப்பதற்கு முன்னால் மஞ்சக்குப்பத்தில் ஒரு வக்கீல் ஆபீசுக்குப் பத்து நாள் போய் வந்தேன். சீனியர் ஒரு கேஸ் கட்டை என் பக்கம் வைத்துவிட்டு, “ஆர்டர் 39 ரூல் 1 எடும்மா” என்றார். நான் கட்டைப் பிரித்து, கோர்ட் போட்ட ஆர்டர்களை எண்ண ஆரம்பித்தேன். மொத்தமே நான்கு இருந்தது. “சார், மீதி 35 காணோம்” என்றேன். ஜூனியர் அண்ணன் டீயைத் துப்பாமல் இருக்கப் பட்ட பாடு இருக்கிறதே!

விஷயம் இதுதான். 1908ஆம் வருடத்து உரிமையியல் நடைமுறைச் சட்டத்தை, அதாவது சி.பி.சி.யை எடுத்தால், முன்னால் 158 செக்‌ஷன் இருக்கும். பின்னால் அட்டவணையில் 51 ஆர்டர், ஒவ்வொன்றுக்குள்ளும் ரூல்கள். அங்கே ஆர்டர் என்றால் கிட்டத்தட்ட ஓர் அத்தியாயம். 39ஆவது, இடைக்காலத் தடை பற்றியது. அதே சட்டத்தின் 2ஆவது செக்‌ஷனிலோ ஆர்டர் என்றால் கோர்ட் எடுக்கிற முடிவு, ஆனால் டிக்ரி அல்லாத முடிவு. டிக்ரி வேறு, ஜட்ஜ்மென்ட் வேறு. ஏன் இப்படி முடிவு செய்தேன் என்று நீதிபதி காரணம் எழுதுவது ஜட்ஜ்மென்ட். யாருக்கு என்ன உரிமை என்று வழக்கில் முறையாகத் தீர்த்துச் சொல்வது டிக்ரி. நாம் வீட்டில் எல்லாவற்றையும் ‘தீர்ப்பு’ என்று முடித்துவிடுகிறோம், பரீட்சையில் அப்படி எழுதினால் மார்க் போய்விடும்.

இந்த மாதிரி இன்னும் இருக்கிறது. மனுவின் கடைசியில் ‘பிரேயர்’ என்று வரும். சாமி கும்பிடுவது இல்லை, கோர்ட்டிடம் என்ன வேண்டும் என்று கேட்கிற பகுதி. 1872ஆம் வருடத்து ஒப்பந்தச் சட்டத்தில் ‘கன்சிடரேஷன்’ என்றால் யோசனையும் இல்லை, கரிசனமும் இல்லை. நான் கொடுக்கிற வாக்குக்கு நீங்கள் பதிலாகத் தருகிற பிரதிபலன். அதனால் புதுச் சட்டம் ஒன்றைத் தொட்டால் முதலில் விளக்கம் சொல்லும் பிரிவைப் படியுங்கள், பெரும்பாலும் 2ஆவது பிரிவாக இருக்கும். காசு கொடுத்து கைடு வாங்கும் முன் பேர் ஆக்ட் படியுங்கள். பேர் ஆக்ட் என்றால் உரை எதுவும் சேர்க்காத வெறும் சட்டம், அவ்வளவுதான். இந்தியா கோட் என்ற அரசு இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

சரி, அந்த லத்தீனில் இரண்டு மட்டும் சொல்கிறேன். என் தம்பி பைக் கேட்டான். “லைசென்ஸ் இல்லை, அதனால் தரமாட்டேன்” என்றார் அப்பா. அதோடு விட்டாரா? “லைசென்ஸ் இருந்தாலும் ராத்திரியில் பாண்டிக்குப் போக விடமாட்டேன்” என்று சேர்த்துக்கொண்டார். முதலாவது ரேஷியோ, அந்த முடிவைத் தாங்கி நிற்கிற காரணம். இரண்டாவது ஓபிட்டர், போகிற போக்கில் சொன்னது. ராத்திரிப் பயணம் பற்றி அன்றைக்கு யாரும் கேட்கவே இல்லை. பின்னால் வருகிற வழக்கைக் கட்டுப்படுத்துவது ரேஷியோதான். தம்பி இப்போது இதை வைத்து வாதாடுகிறான், அது வேறு கதை.

முன்தீர்ப்புக்கு இங்கே ஏன் இவ்வளவு மரியாதை என்று கேட்டால், பதில் இந்தக் கரையிலேயே இருக்கிறது. இதோ பக்கத்தில் செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சம். 1690இல் இங்கிலீஷ்காரன் வாங்கியது. அவன் கொண்டுவந்த முறையில் மேல்கோர்ட் சொன்னது கீழ்கோர்ட்டைக் கட்டும். நம் அரசியல் சாசனத்தின் 141ஆவது ஷரத்தும் சுப்ரீம் கோர்ட்டுக்கு அதையே சொல்கிறது. வடக்கே பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் பாண்டி. அங்கே ஆண்ட பிரெஞ்சுக்காரனின் 1804ஆம் வருடத்து கோட் சிவில் என்ற உரிமையியல் சட்டத் தொகுப்பில் 5ஆவது பிரிவு, நீதிபதி தன் வழக்கைத் தீர்க்கலாம், ஊருக்கெல்லாம் பொது விதி போடக் கூடாது என்கிறது. பாண்டிப் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டில் ‘ரெனோன்சான்’ என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். 1881ஆம் வருடத்து ஆணைப்படி தங்கள் வழக்கச் சட்டத்தை விட்டு பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறியவர்கள் அவர்கள். உங்கள் வீட்டுப் பழைய பத்திரங்களைப் பார்த்துவிட்டு வகுப்புக்கு வாருங்கள், எங்களுக்கு இல்லாத வசதி அது.

அப்புறம் நம்பர். சினிமா பார்த்து 302, 420 என்று மனதில் ஏற்றியிருப்பீர்கள். அவை இந்திய தண்டனைச் சட்டத்தின், அதாவது ஐ.பி.சி.யின், பிரிவு எண்கள். 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக பி.என்.எஸ்., அதாவது பாரதிய நியாய சன்ஹிதா, வந்துவிட்டது, கொலைக்குத் தண்டனை 103, மோசடி 318. ஆனால் அதற்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய ஐ.பி.சி.தான். ஆகவே இரண்டும் தெரிய வேண்டும், வேறு வழியில்லை.

எங்கள் தாத்தா எட்டாவது வரைதான் படித்தவர். நிலத் தகராறில் வருடக் கணக்காகக் கோர்ட்டுக்கு நடக்கிறார். வக்காலத்து, வாய்தா, ஜப்தி, அமீனா எல்லாம் அவருக்கு அத்துப்படி. இவையும் பாரசீகம், அரபி வழியாக வந்த வெளியூர் வார்த்தைகள்தான், நடந்து நடந்து அவருக்குச் சொந்தமாகிவிட்டன. வருகிற செவ்வாய்க்கிழமை அவருக்கு வாய்தா. இந்தத் தடவை கட்டைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போகிறேன். சுண்டல்காரர் வந்துவிட்டார், கேமராவை அணைக்கிறேன்.