காவடி இறக்கிய மதியம், மண்டேலா வந்த சாயங்காலம்

வணக்கம். போன வாரம் ரேடியோ நிலையத்திலிருந்து கூப்பிட்டு, உங்கள் வாழ்க்கையில் ஒரே ஒரு நாளைப் பற்றிப் பேசுங்கள், தமிழில் பேசுங்கள் என்றார்கள். எந்த நாள் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, தமிழ்தான் யோசனையாக இருந்தது. இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்து சாட்ஸ்வொர்த்தில், என் வயதுக்காரர்கள் வீட்டிலேயே இங்கிலீஷ் பேசி வளர்ந்தவர்கள். எனக்கு இருந்த தமிழ், ஆயாவோடு, அதாவது பாட்டியோடு, பேசிப் பேசி வந்தது, மிச்சம் தலை நரைத்த பிறகு வகுப்புக்குப் போய் எழுத்துக்கூட்டிப் படித்தது. அதனால் எங்காவது இடறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாள் 1990 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை. மண்டேலா சிறையிலிருந்து வந்த நாள். இந்த நாட்டில் கொஞ்சம் வயதானவர்கள் யாரைக் கேட்டாலும் அன்றைக்கு எங்கே இருந்தேன் என்று ஒரு கதை வைத்திருப்பார்கள், அந்தக் கதையில் எல்லாருமே தெருவில் இறங்கி ஆடியிருப்பார்கள். எங்கள் தெருவிலும் ஆடினார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஆடியவர்கள் காவடி எடுத்தவர்கள்.

ஆமாம், அன்றைக்கு எங்கள் முருகன் கோயிலில் காவடி. அந்த வருஷம் பௌர்ணமி வெள்ளிக்கிழமை விழுந்தது, அந்த ராத்திரியே முழு சந்திர கிரகணம். பாதிப் பேர் துணி ஃபாக்டரியிலும் பஸ்ஸிலும் வேலை பார்ப்பவர்கள், எப்படியும் ஞாயிறுதான் வசதி. கிரகணமும் சேர்ந்துகொண்டதால் கோயிலில் ஞாயிறே என்று வைத்துவிட்டார்கள். வெள்ளி ராத்திரி வாசலில் நின்று சிவந்துபோன நிலாவைப் பார்த்துவிட்டு ஆயா சொன்னாள், "தைப்பூசத்து நிலாவைப் பாம்பு பிடிச்சா ராஜா மாறுவான்." எந்த சாஸ்திரத்தில் இருக்கிறதோ தெரியாது. மறுநாள் சாயங்காலம் அப்போதைய அதிபர் டி கிளெர்க் டிவியில் வந்து, மண்டேலாவை நாளை மூன்று மணிக்கு விடுகிறோம் என்று அறிவித்தார். ஆயா எங்களை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள்!

எனக்கு அப்போது பதினான்கு வயது. அக்காவுக்கு இழுப்பு நோய், சரியானால் அவளைப் பால்குடம் எடுக்க வைக்கிறேன் என்று அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். அம்மாவின் வேண்டுதலுக்கு அக்கா பத்து நாள் விரதம் இருக்க, அக்காவின் விரதத்துக்கு நாங்களும் கறி மீன் இல்லாமல் காய்ந்து கிடந்தோம். ஞாயிறு விடியும் முன்பே எழுந்து, குளித்து, மஞ்சள் கட்டி, செம்பு தேய்த்து, மயில் இறகு செருகி, என்று வீடே அமளி. அந்த அமளிக்கு நடுவில்தான் பெரியப்பா பத்திரிகையைக் கையில் பிடித்தபடி வந்தார்.

அதில் படம் இருந்தது. டி கிளெர்க் பக்கத்தில் கோட்டு டை போட்ட ஒரு உயரமான கிழவர், தலை முழுக்க நரை. எங்களுக்குத் தெரிந்த மண்டேலா வேறு ஆள். சிறைக்கைதியின் படத்தை அச்சிடக்கூடாது என்று சட்டம் இருந்த நாடு இது, அதனால் சுவரொட்டியிலும் துண்டுச் சீட்டிலும் நாங்கள் பார்த்ததெல்லாம் அறுபதுகளின் பழைய படம்தான், உருண்டை முகம், தாடி, முடியில் கத்தியால் கீறினது போல ஒரு வகிடு. இருபத்தேழு வருஷத்தில் மனிதர் கிழவர் ஆவார் என்பது தெரியாத விஷயமா? தெரியும்தான். இருந்தாலும் கோயில் முற்றத்தில் அந்தப் பத்திரிகை கைமாறிக் கைமாறிப் போனபோது, முதுகில் எலுமிச்சம்பழம் தொங்க நின்ற ஒரு அண்ணன் கூட எட்டிப் பார்த்துவிட்டு, "இவரா? நிஜமாவா?" என்று கேட்டார்.

என் அப்பா பஸ் டிரைவர். அவருக்கு மண்டேலா என்றால் ஒரே ஒரு கதைதான். 1962 ஆகஸ்ட் 5ஆம் தேதி ஹோவிக் பக்கத்தில் மண்டேலாவைப் பிடித்தார்கள், டர்பனிலிருந்து ஜொகன்னஸ்பர்க் போகிற வழியில், டிரைவர் வேஷத்தில். முதல் நாள் ராத்திரி டர்பனில் மான்டி நாயக்கர், இஸ்மாயில் மீர் போன்ற நம்மவர்களோடு இருந்துவிட்டு மறுநாள் கிளம்பியவர். அப்பா அந்த வழியில் போகும்போதெல்லாம் சொல்வார், "ஒரு டிரைவரைத்தான்டா பிடிச்சு உள்ளே போட்டாங்க." தொழிற்சங்கப் பெருமை அவருக்கு.

பெரியப்பா அப்படி இல்லை, அவர் இந்தியர்களின் உரிமைக்காக நின்ற நேட்டால் இந்தியக் காங்கிரஸ்காரர், நோட்டீஸ் கொடுப்பவர், கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பவர். வெள்ளைக்காரன் ஏற்பாடு செய்கிற கிரிக்கெட்டை ரேடியோவில்கூடக் கேட்கமாட்டார். அந்த மாதம் காட்டிங் தலைமையில் இங்கிலாந்திலிருந்து ஒரு அணி, நிறவெறி ஆட்சிக்காகப் போட்டிருந்த விளையாட்டுத் தடையை மீறி வந்து ஆடிக்கொண்டிருந்தது, போன இடமெல்லாம் எதிர்ப்பு. நான் திருட்டுத்தனமாக ஸ்கோர் கேட்டு மாட்டிக்கொண்டு வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

கூழ் காய்ச்சுகிற அடுப்புப் பக்கம் போனால் அங்கே வேறு செய்தி. டோக்கியோ குத்துச்சண்டையில் டைசன் விழுந்துவிட்டான்! பஸ்டர் டக்ளஸ் என்று யாரோ ஒருவன், பத்தாவது ரவுண்டில், நாக்அவுட். அதுவரை ஆடிய 37 சண்டையிலும் தோற்காதவன் டைசன், டக்ளஸ் மேல் 1 கட்டினால் 42 என்கிற அளவுக்கு யாரும் நம்பாத ஆட்டம். உண்மையைச் சொல்கிறேன், அன்று காலை பையன்களுக்கு மண்டேலாவைவிட டைசன்தான் பெரிய செய்தி. தேங்காய் உடைத்துக்கொண்டிருந்த ஒரு மாமா மட்டும் தீர்மானமாகச் சொன்னார், "இன்னைக்கு எது வேணும்னாலும் நடக்கும்."

இதில் யாரும் இப்போது கதையில் சேர்க்காத ஒன்று பயம். சனிக்கிழமை ராத்திரியே ஆயா வாளி, அண்டா, குளிக்கிற தொட்டி எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டாள். ஒரு பெட்டி மெழுகுவர்த்தி, டின் மீன், பத்து கிலோ அரிசி. விரத வீட்டில் டின் மீனா என்று அம்மா கேட்டதற்கு, உயிரோடு இருந்தால் விரதத்தைப் பற்றிப் பேசலாம் என்றாள். அவள் 1949 ஜனவரியில் கேட்டோ மேனரில் இருந்தவள். டர்பனில் ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் நடுவே மூண்டு 142 பேர் செத்த கலவரம் அது, செத்தவர்களில் ஆப்பிரிக்கர்களும் இருந்தார்கள், இந்தியர்களும் இருந்தார்கள். அப்புறம் 1985இல் டர்பன் பக்கத்து இனாண்டா எரிந்து, ஃபீனிக்ஸில் காந்தி இருந்த இடத்தையே பாழாக்கினார்கள், அது எனக்கே ஞாபகம் இருக்கிறது. டர்பன் இருக்கிற நேட்டாலில் ஜூலுக்களின் இன்கதா கட்சியும் நிறவெறியை எதிர்த்த யூடிஎஃப் கூட்டணியும் வெட்டிக்கொண்டு கிராமம் கிராமமாக ஆள் செத்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. மண்டேலா வந்தால் நமக்கு என்ன ஆகும் என்று எங்கள் தெருவில் மெல்லிய குரலில் கேட்காத வீடு இல்லை. பெரியப்பா வீட்டிலும் பெரியம்மா கேட்டாள். அதைச் சொல்ல நமக்கு ஏன் இவ்வளவு கூச்சம் என்பது எனக்குப் புரியவில்லை. சந்தோஷம் இருந்தது, பயமும் இருந்தது, ஒரே வயிற்றில் இரண்டும் இருந்தன.

ஊர்வலம் மதியத்துக்குள் முடிந்தது. தார் ரோட்டின் சூட்டில் அக்காவின் கால் கொப்பளித்துப்போனது, அவளுக்கு முன்னால் நாங்கள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனோம். தெரு முனையில் எப்போதும் நிற்கிற மஞ்சள் போலீஸ் வேன் அன்றும் நின்றது, உள்ளே இருந்தவன் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

மூன்று மணி ஆகப்போகிறது என்றதும் கோயிலுக்கு எதிர்வீட்டுக்காரர் டிவியைத் தூக்கி ஜன்னலில் வைத்து முற்றத்தைப் பார்க்கத் திருப்பினார். நாற்பது ஐம்பது பேர் இருக்கும், விபூதியும் சந்தனமுமாகத் தரையில் உட்கார்ந்தோம், சிலருக்கு ஊசி எடுத்த இடத்தில் இன்னும் விபூதி அப்பியிருந்தது. டிவியில் கேப் மாகாணத்தில் பார்ல் பக்கத்து விக்டர் வெர்ஸ்டர் சிறையின் வாசல். ஒரு ரோடு, மரங்கள், கூட்டம். மூன்று மணி ஆனது, யாரும் வரவில்லை. மூன்றேகால், மூன்றரை. அறிவிப்பாளர் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார், பாவம், வாசலைக் காட்டிக்கொண்டே எவ்வளவு நேரம்தான் பேசுவார்? மனதை மாற்றிக்கொண்டார்கள் என்றார் ஒருவர். உள்ளேயே முடித்திருப்பார்கள் என்றார் இன்னொருவர், அவரைப் பெரியப்பா அடிக்கப் போனார். ஐயர் அபிஷேகத்துக்கு நடுவில் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கதவருகே வந்து "வந்துட்டாரா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். சின்னப் பிள்ளைகள் டைசனும் டக்ளஸுமாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். எல்லாருமே டக்ளஸாக இருக்கத்தான் விரும்பினார்கள், காலையில் அந்தப் பெயர்கூடத் தெரியாதவர்கள்!

நாலே கால் வாக்கில் வந்தார். வின்னியின் கையைப் பிடித்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், நடந்து. அப்புறம் முஷ்டியை உயர்த்தினார். பெரியப்பா எழுந்து நின்று "அமாண்ட்லா!", அதிகாரம், என்று கத்தினார், "அவேத்து!", நமக்கே, என்று நான்கைந்து குரல், பின்னாலிருந்து யாரோ பழக்க தோஷத்தில் "அரோகரா!" என்றார்கள், ஒரு நொடி எல்லாரும் திரும்பிப் பார்த்தோம், அப்புறம் முற்றம் முழுக்க அரோகரா. யாரும் கிண்டலாகச் சொல்லவில்லை. ஐயர் வெளியே வந்தபோது மண்டேலா காருக்குள் ஏறிவிட்டிருந்தார்.

ராத்திரி கேப் டவுன் பேச்சை எங்கள் வீட்டில் பார்த்தோம். கூட்டத்தில் கார் மாட்டிக்கொண்டு, திரும்பிப் போய், மறுபடி வந்து சேர்ந்து பேச ஆரம்பித்தபோது இருட்டுகிற நேரம். படிக்கிற கண்ணாடியைச் சிறையிலேயே மறந்து வைத்துவிட்டு வின்னியின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார் என்பது பிறகு தெரிந்த விஷயம். பீன்ஸ் கறியும் ரொட்டியும் மடியில், ஆயாவுக்கு மொழிபெயர்ப்பாளன் நான். தீர்க்கதரிசியாக இங்கே நிற்கவில்லை, மக்களாகிய உங்களுடைய பணிவான தொண்டனாக நிற்கிறேன் என்கிறார். தீர்க்கதரிசி, தொண்டன் எல்லாம் இப்போது படித்துத் தெரிந்துகொண்ட சொற்கள், பதினான்கு வயதில் எனக்கு எங்கே தெரியும்? காலை முழுக்கக் கோயிலில் இருந்த மூளை, "நான் சாமியாடி இல்லை, உங்க வீட்டு வேலைக்காரன்னு சொல்றாரு ஆயா" என்றேன்.

ஆயா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அவளுடைய அப்பா கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர், அவளே கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் வெள்ளைக்காரர் வீடுகளில் துணி துவைத்தவள். "வேலைக்காரனா? எதுக்கு அப்படிச் சொல்றான்? வேலைக்காரியா இருந்து பார்க்கச் சொல்லு" என்றாள் கோபமாக. பெரியப்பா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு நான் செய்த தப்பு என்னவென்றே புரியவில்லை.

அந்தச் சிரிப்பு அடங்கும் முன் மண்டேலா ஒவ்வொரு அமைப்பாகப் பெயர் சொல்லி வணக்கம் சொல்லிக்கொண்டே வந்தார். யூடிஎஃப், இளைஞர் காங்கிரஸ், அப்புறம் டிரான்ஸ்வால், நேட்டால் இந்தியக் காங்கிரஸ்கள். பெரியப்பாவின் கையில் இருந்த ரொட்டி அப்படியே நின்றது. 1894இல் காந்தி தொடங்கிய அமைப்பு, பெரியப்பா முப்பது வருஷம் வாசல் வாசலாக நோட்டீஸ் போட்டு நாய்க்கடி வாங்கிய அமைப்பு, அதன் பெயர் அந்த மனிதர் வாயில். "சொன்னாரா? சொன்னாருல்ல?" என்று அப்பாவைக் கேட்டார், என்னைக் கேட்டார், இங்கிலீஷ் அவ்வளவாகத் தெரியாத ஆயாவையும் கேட்டார். சொன்னார், சொன்னார் என்று எல்லாரும் சொன்ன பிறகும் பின்கட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்பி வந்தார்.

அன்று ராத்திரி ஒன்றும் நடக்கவில்லை. யாரும் எரிக்கவில்லை, யாரும் வரவில்லை, ஒரு நாய் மட்டும் விடாமல் குரைத்தது. விடிகாலை அப்பா முதல் பஸ் எடுக்கப் போனார், அம்மா ஃபாக்டரிக்கு, நானும் அக்காவும் பள்ளிக்கூடத்துக்கு, அவள் செருப்புப் போட முடியாமல் நொண்டிக்கொண்டு. மதியம் வந்து பார்த்தால் ஆயா பின்வாசலில் உட்கார்ந்து, பிடித்து வைத்திருந்த தண்ணீரை எல்லாம் வாளி வாளியாக எடுத்து, காவடிச் செம்புகளைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "இவ்வளவு தண்ணியை வீணாக்க முடியுமாடா?" என்றாள். டின் மீனை அந்த வாரமே தின்று தீர்த்தோம்.