கிளெமென்டேயை இன்னும் ஏன் கொண்டாடுகிறார்கள்? நேயர் கேள்விக்குப் பதில்

ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: “செப்டம்பர் 15 அன்று அமெரிக்க பேஸ்பாலில் வெவ்வேறு அணிக்காரர்களும் 21-ஆம் எண் சட்டை போட்டு ஆடுகிறார்களே, ரொபெர்த்தோ கிளெமென்டே நினைவாகவாம். விமான விபத்தில் செத்துப்போனதால்தான் இவ்வளவு மரியாதையா?”

21 என்பது பேஸ்பால் வீரரான கிளெமென்டேயின் சட்டை எண். முதலில், அந்த விமானத்தில் அவர் எதற்காக ஏறினார் என்று பார்த்துவிடுவோம். 1972 டிசம்பர் 23-இல் நிகராகுவாவின் மனாகுவா நகரம் நிலநடுக்கத்தில் தரைமட்டமானது. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் தன் சொந்த மண்ணான போர்ட்டோ ரிக்கோவின் அமெச்சூர் அணியைக் கூட்டிக்கொண்டு கிளெமென்டே அங்கே போயிருந்தார். பழகிய ஊர், பழகிய முகங்கள். ஊர் திரும்பியிருந்தவர் நிலநடுக்கச் சேதி கேட்டதும் நிவாரணம் திரட்டி அனுப்பினார். அனுப்பிய பொருளை நிகராகுவா சர்வாதிகாரி சொமோசாவின் படையினர் அமுக்கிக்கொள்கிறார்கள் என்று செய்தி வந்தது. சரி, நானே கூடப் போனால் கை வைக்கமாட்டார்கள் என்று டிசம்பர் 31 இரவு கிளம்பிவிட்டார். பழைய டிசி-7 விமானம், தாங்கக்கூடியதைவிட அதிகச் சுமை. போர்ட்டோ ரிக்கோவின் தலைநகர் சான் ஹுவானில் மேலே ஏறிய கொஞ்ச நேரத்திலேயே கடலில் விழுந்தது. ஐந்து பேரும் போய்விட்டார்கள். கிளெமென்டேவுக்கு வயது 38. சக வீரர் மேனி சங்கியென் நினைவுப் பிரார்த்தனைக்குக்கூடப் போகாமல், கடலில் முங்கித் தேடுகிறவர்களோடு சேர்ந்துகொண்டார். கிளெமென்டேயின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை.

அப்புறம், இதையே பேசிப் பேசி அவருடைய ஆட்டத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எனக்கு அது கொஞ்சம் வருத்தம்தான். 18 சீசனும் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒரே அணி. பேட்டிங்கில் நான்கு முறை லீக்கிலேயே முதலிடம், ஃபீல்டிங்குக்கு 12 கோல்டு கிளவ் விருது. மைதானத்தின் வலது வெளிப்பகுதியான ரைட் ஃபீல்டின் மூலையிலிருந்து அவர் எறிகிற பந்துக்குப் பயந்தே ஓடுகிறவர்கள் மூன்றாவது பேஸுக்குப் போக யோசிப்பார்கள். 1972 செப்டம்பர் 30-இல் மெட்ஸ் அணியின் ஜான் மேட்லாக் வீசிய பந்தில் அவர் அடித்தது 3000-ஆவது ஹிட் (பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸை எட்டுவது). வழக்கமான சீசன் ஆட்டங்களில் அதுவே கடைசி ஹிட்டும் ஆகிவிட்டது.

இன்னொன்று. அவர் கறுப்பினத்தவர், தாய்மொழி ஸ்பானிஷ். அவர் பேசிய ஆங்கிலத்தை உச்சரிப்போடு அப்படியே அச்சடித்துப் பத்திரிகைகள் கேலி செய்தன. ‘பாப்’ என்று பெயரைச் சுருக்கியபோதெல்லாம் “ரொபெர்த்தோ” என்று திருத்தினார். சாம்பியன் யார் என்று முடிவுசெய்யும் வேர்ல்ட் சீரிஸை 1971-இல் ஜெயித்த கையோடு தொலைக்காட்சியில், முதலில் ஸ்பானிஷில் பெற்றோரிடம் ஆசி கேட்டுவிட்டுத்தான் ஆங்கிலத்துக்கு வந்தார். லத்தீன் அமெரிக்க வீரர்களுக்கு அவர் ஏன் சொந்த அண்ணன் மாதிரி என்பது அந்தக் காட்சியைப் பார்த்தாலே புரியும்.

பேஸ்பால் ஜாம்பவான்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்கு ஓய்வுபெற்று ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும் என்பது விதி. இவருக்காக அதைத் தள்ளிவைத்து 1973-லேயே சேர்த்தார்கள். பிட்ஸ்பர்க்கின் இன்றைய மைதானத்தில் ரைட் ஃபீல்ட் சுவரின் உயரம் 21 அடி. வேண்டுமென்றே வைத்த கணக்கு.

நவீன மேஜர் லீக்கின் முதல் கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சனின் 42 மாதிரி 21-ஐயும் எல்லா அணிகளும் வேறு யாருக்கும் தராமல் ஓய்வாக்க வேண்டும் என்று ஒரு கோரிக்கை ரொம்ப நாளாக இருக்கிறது. என்னைக் கேட்டால், எண்ணைப் பூட்டி வைப்பதைவிட வருடத்துக்கு ஒரு நாள் பசங்க போட்டுக்கொண்டு ஆடுவதே மேல். சரி, அடுத்த கேள்வி.